கட்சி நம்முடையது, கருத்தும் நம்முடையதா?



இந்த மாதப் பாடத்தை எங்கள் வீட்டுக் கதையோடு தொடங்குகிறேன். என் தாத்தா தெற்குக் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்களுக்குப் பாடாங் செராய் நாடாளுமன்றத் தொகுதியில் ஓட்டு. 2022இல் நான் போட்டது என் முதல் ஓட்டு.

15ஆவது பொதுத்தேர்தல் நவம்பர் 19. அதற்கு மூன்று நாள் முன்பு, எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரும் பாக்காத்தான் ஹராப்பான் வேட்பாளருமான மு. கருப்பையா காலமானார். எங்கள் தொகுதியில் வாக்களிப்பு டிசம்பர் 7க்குத் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் நாட்டு அரசியலே மாறிவிட்டது. எந்தக் கூட்டணிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. நவம்பர் 24இல் அன்வார் பிரதமரானார். ‘அன்வாரும் வேண்டாம், ஜசெகவும் வேண்டாம்’ என்று முழங்கிய அம்னோவே, தேசிய முன்னணியோடு அவருடைய அரசாங்கத்தில் சேர்ந்தது. எங்கள் தொகுதியில் தேசிய முன்னணிக்காக நின்ற ம.இ.கா.வின் டத்தோ சி. சிவராஜ், பாக்காத்தானுக்கு வழிவிடுவதாக அறிவித்தார். ஆனாலும் வாக்குச்சீட்டில் அவர் பெயரும் தராசுச் சின்னமும் அப்படியே இருந்தன.

தாத்தாவிடம் விஷயத்தைச் சொன்னோம். “தெரியும்டா. பேப்பர்ல தராசு இருக்குல்ல? அது போதும்” என்றார். தராசுக்கே போட்டுவிட்டு வந்தார். கடைசியில் ஜெயித்தது பெரிக்காத்தான் நேஷனல்.

தாத்தாவை நினைத்துச் சிரித்தேன். பிறகு ஒருநாள் குடும்ப வாட்சப்பில் என் பழைய பதிவுகளைப் பார்த்தேன். தேர்தலுக்கு முன்பு, “தேசிய முன்னணியோடு கைகோத்தால் அது துரோகம்” என்று எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து, “நாடு நிலையாக இருக்க இதுதான் ஒரே வழி” என்று சித்தப்பாவோடு சண்டை போட்டிருந்தேன். இரண்டில் எது சரி என்பது வேறு பேச்சு. இரண்டையுமே நான் யோசித்து எழுதவில்லை. என் பக்கம் திரும்பியது, நானும் திரும்பினேன். தாத்தா சின்னத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கூட்டணியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது நமக்கு மட்டும் உள்ள குணமல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏழைகளுக்கான உதவித் திட்டம் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, ‘இதை உங்கள் கட்சி ஆதரிக்கிறது’ என்று சொன்னால், திட்டம் தாராளமானதோ கடுமையானதோ, பெரும்பாலும் அதையே ஆதரித்தார்கள். கேட்டால், திட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம் என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஏன் இப்படி? தாத்தாவைக் கேட்டேன். “ஐசி எடுக்க, பிள்ளைய ஸ்கூல்ல சேர்க்க, கோயில் பெர்மிட்டுக்கு, எல்லாத்துக்கும் கிளைத் தலைவர்தான்டா கூட வந்தாரு. அப்ப வேற யாரு வந்தா?” தோட்டத்து மக்களுக்குக் கட்சி என்பது கொள்கையாக வரவில்லை, துணையாக வந்தது. 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு, 2008 தேர்தலில் அப்பா எதிர்க்கட்சிப் பக்கம் போனார். அவருக்கும் அது வெறும் கருத்து மாற்றமல்ல, புதிய சொந்தம். சொந்தத்தை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் கட்சியின் தவறைச் சொன்னால், நம் வீட்டு ஆளைத் திட்டியது போல் கோபம் வருகிறது.

நன்றி மறக்க வேண்டியதில்லை. ஆனால் நன்றி வேறு, நியாயம் வேறு. இதற்கு நம் சமயத்திலேயே வழி இருக்கிறது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் முதலில் பரபக்கம் வைத்தார். அதில் மற்றச் சமயத்தார் சொல்வதை எடுத்துச் சொல்லி, அதன் பிறகே மறுத்தார். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அதற்கு அடுத்துத்தான். அவர் வாழ்க்கையும் ஒரு பாடம். மெய்கண்டார் குடும்பத்துக்கே குருவாக இருந்த பெரியவர் அவர். சிறுவரான மெய்கண்டாரிடம் போய் ஆணவம் என்றால் என்ன என்று கேட்க, அவர் நின்ற நிலையையே மெய்கண்டார் சுட்டிக்காட்டினார் என்பது வரலாறு. அந்த இடத்திலேயே அவருக்குச் சீடரானார். கருத்தை மாற்றிக்கொண்டதால் அவர் பெருமை குறையவில்லை.

எனவே அடுத்த வகுப்புக்கு மூன்று பயிற்சிகள்:

1. உங்கள் கட்சி சொன்ன ஒரு முடிவை எடுத்து, அதையே எதிர்க்கட்சி சொல்லியிருந்தால் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

2. எதிர்த்தரப்பின் வாதத்தை, அவர்களே “ஆமாம், சரியாகச் சொன்னாய்” என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லிக் காட்டுங்கள். மறுப்பு அதன் பிறகு.

3. உங்கள் கட்சியோடு நீங்கள் ஒத்துப்போகாத ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், அங்கேதான் யோசிக்க வேண்டும்.

மூன்றாவதை நான் தாத்தாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தோட்டத்த வித்தப்ப எங்களுக்கு வீடு வாங்கிக் குடுத்திருக்கணும். குடுக்கல” என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை. யாரும் அவரைக் கேட்டதும் இல்லை.