துண்டு மீனின் பெயர்

கேள்வி: தூத்துக்குடியில் பிறந்து சென்னையில் வாழ்கிறேன். எங்கள் ஊரில் சீலா என்றால் வஞ்சிரம். இங்கே கடையில் ஷீலா கேட்டால், நீண்ட வாயும் கூர்மையான பற்களும் உள்ள ஊளியை எடுத்துக் காட்டுகிறார்கள். தோலுரித்துத் துண்டு போட்டுவிட்டால் எது எந்த மீன் என்றே தெரிவதில்லை. டி.என்.ஏ. பார்கோடு இருந்தால் ஒரு துண்டை வைத்தே மீனைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் நம் கடல் மீன்கள் அத்தனையையும் கணக்கெடுத்துவிடலாமே?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: உண்மைதான். நகக்கண் அளவு சதை போதும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக டி.என்.ஏ. உண்டு. அதில் சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஒரு பகுதியை, ஏறக்குறைய 650 எழுத்துகளை, கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட அதே பி.சி.ஆர். முறையில் பெருக்கிப் படிக்கிறார்கள். இந்தப் பகுதியை விலங்குகளுக்கெல்லாம் பொது அடையாளமாகக் கொள்ளலாம் என்று 2003-இல் முன்மொழிந்தவர் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட்.

ஏன் இந்தப் பகுதி? ஆஸ்திரேலியக் கடலின் 207 மீன் இனங்களைப் படித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. ஒரே இனத்து மீன்களுக்கிடையே சராசரி வேறுபாடு 0.39 சதவீதம். ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்களுக்கிடையே 9.93 சதவீதம். அதாவது 650 எழுத்துகளில் முன்னதற்கு இரண்டு மூன்று எழுத்துகள் மாறும். பின்னதற்கு அறுபதுக்கு மேல் மாறும். இந்த இடைவெளிதான் இனத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் அந்த எழுத்து வரிசையில் மீனின் பெயர் எழுதியிருக்காது. ஏற்கெனவே பெயர் தெரிந்த மீன்களின் வரிசைகளோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்கிறோம். அந்த வரிசைகளில் ஒன்றுக்கு முதலில் ஒருவர் தவறாகப் பெயரிட்டிருந்தால், பிறகு ஒத்துப்போகும் மீனுக்கெல்லாம் அந்தத் தவறே பெயராகிவிடும். அதனால்தான் முறையாகக் கணக்கெடுப்பவர்கள் மீனின் இடப்பக்கத்தைப் படம் எடுத்து, வலப்பக்கத்தில் சதை வெட்டி ஆல்கஹாலில் வைத்த பிறகே முழு மீனை ஃபார்மலினில் போடுகிறார்கள். ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும், அதனால் இந்த வேலைகள் முன்பின் மாறக் கூடாது. நாளைக்குச் சந்தேகம் வந்தால், துடுப்பு முள்ளை எண்ணிப் பார்க்க அந்த மீன் அலமாரியில் இருக்க வேண்டும்.

மீன் பிடிபட்ட கரையும் முக்கியம். உங்கள் வஞ்சிரத்தின் குடும்பத்திலேயே இதற்கு ஓர் உதாரணம். உடலில் புள்ளிகள் கொண்ட வஞ்சிரத்துக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1801-இல். பெயரிட்ட நூல் ஜெர்மனியில் வெளிவந்தது. மீனோ நம் தரங்கம்பாடியில் பிடிபட்டது. அங்கிருந்த பாதிரியார் ஜான், பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் பிளாக்குக்கு மீன்களை அனுப்பிவந்தார். ஒரு கத்தாளைப் பேரினத்துக்கு ஜோனியஸ் என்று ஜானின் நினைவாகப் பெயர் உண்டு. இன்று ஒரே பெயருக்குள் இரண்டு இனங்கள் ஒளிந்திருப்பதாக டி.என்.ஏ. காட்டினால், பழைய பெயர் எதற்குச் சேரும் என்று முடிவுசெய்ய, அந்தப் பெயர் பிறந்த கரையில் பிடித்த மீனைப் படித்தாக வேண்டும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியே வருவது. கட்லாவும் ரோகுவும் கலந்த குஞ்சைப் படித்தால் தாயை மட்டுமே காட்டும். சூரை வகைகளில் சில இனங்கள் மிக நெருங்கியவை; இந்த ஒரு மரபணுவால் அவற்றை உறுதியாகப் பிரிக்க முடியாது. மறுபக்கம், கண்ணால் அடையாளம் காண முடியாத மீன் முட்டைக்கும் நுண்குஞ்சுக்கும் இனப்பெயர் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

கணக்கெடுப்பு நம் நாட்டிலும் நடக்கிறது. இந்தியக் கடல் மீன்களில் 115 இனங்களின் பார்கோடுகள் 2011-இல் வெளியாகின. கடலின் பரப்போடு பார்த்தால் அது தொடக்கம்தான். ஏலக்கூடத்தில் கூடையைப் பார்த்ததுமே "இது வேற மீனு" என்று சொல்லும் கண் இல்லாமல் அந்தப் பட்டியல் வளராது.

உங்கள் சீலாவுக்கு வருவோம். கையில் இருக்கும் துண்டு வஞ்சிரமா ஊளியா என்பதைப் பார்கோடு தெளிவாகச் சொல்லும். சீலா எது என்பதைச் சொல்லாது. தூத்துக்குடிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, இரண்டும் சரி. ஆகவே பட்டியல் எடுப்பவர்கள் எழுத்து வரிசைக்குப் பக்கத்தில், கரையில் அந்த மீனை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதையும், எந்த ஊர்க் கரை என்பதையும் எழுத வேண்டும். அந்த மீனைத் தேடி அடுத்து வருபவர், அந்தக் கரையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்.