விலகி நிற்கும் உள்ளங்கள்

ஆனிப் பௌர்ணமியையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், நம் காரைக்கால் வீதிகளில் மாங்கனிகள் இறைக்கப்படுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். காரைக்கால் அம்மையாரான புனிதவதியாரை அறியாதவர் இங்கில்லை. ஆனால் அவர் கணவன் பரமதத்தனைப் பற்றிச் சிந்தித்திருக்கிறோமா?

இறையருளால் மனைவி வருவித்த மாங்கனி தன் கையிலிருந்து மறைந்ததும் பரமதத்தன் அஞ்சினான் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். காரணத்தை எவரிடமும் கூறாமல் கப்பலேறினான். பாண்டிய நாட்டில் வேறு மணம் புரிந்தான். ஆயினும் அங்கே பிறந்த மகளுக்கு அவன் சூட்டிய பெயர் புனிதவதி! அவன் விலகியது வெறுப்பினால் அன்று, அச்சத்தினால்.

உளவியலும் இதையொத்த உண்மையைக் கூறுகிறது. மேரி எயின்ஸ்வொர்த் என்னும் அம்மையார் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 1978-இல் நூல் வெளியிட்டார். தாய் சற்று வெளியே சென்று திரும்பியபோது, சில குழந்தைகள் அவளைப் பாராமல் பொம்மையுடன் விளையாடின. ஆனால் அத்தகைய குழந்தைகளின் இதயம் அப்போது வேகமாகத் துடித்ததைப் பிற ஆய்வாளர்கள் கண்டனர். அணைப்பை நாடி அடிக்கடி ஏமாந்த குழந்தை, கேளாதிருக்கப் பழகிவிடுகிறதாம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி தனியே அமர்ந்தே உண்பாள். 'கர்வக்காரி' என்று அவளுக்குப் பெயரிட்டவர்களுள் நானும் ஒருத்தி. அதற்காக இன்று வெட்கப்படுகிறேன். இப்போது கேள்வி எதுவும் கேளாமல் தினமும் அவளருகில் அமர்கிறேன். சென்ற வாரம் அவளே தன் சோற்று டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

தோழியரே, மௌனத்தைக் கர்வமென்று எண்ண வேண்டாம். பொறுமையோடு அருகில் இருப்போம்.