அறுபதைத் தாண்டியவருக்குக் கத்தி வைக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "66 வயது அம்மா, பிஎம்ஐ 41, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, சர்க்கரை, பிரஷர், ராத்திரி குறட்டை. இரைப்பை ஸ்லீவ் அறுவை பண்ணலாமா, வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். எடைக்குறைப்பு அறுவையில் புதிதாக இறங்கியிருக்கும் உன் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே குழப்பம் இருக்கிறது. அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வயது விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். 1991ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த வரையறையை வைத்துத்தான் எங்கள் தலைமுறை முப்பது வருடம் ஓட்டியது. 2022ல் எடைக்குறைப்பு அறுவைக்கான அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து அதைத் திருத்தின. இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்பதற்கு ஆதாரம் இல்லை, உடல் நலிவைத்தான் கவனமாகக் கணிக்க வேண்டும் என்று அவை தெளிவாகச் சொல்லிவிட்டன. ஆகவே 66 என்ற எண்ணை மட்டும் காட்டி அந்த அம்மாவை நீ திருப்பி அனுப்ப முடியாது.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அறுவை செய்தவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பதற்கு நாம் எல்லோரும் மேடைக்கு மேடை காட்டுவது சுவீடன் ஆய்வை. 1987ல் தொடங்கி, இறப்பு விகிதம் பற்றிய முடிவு 2007ல் வெளிவந்த ஆய்வு அது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 37 முதல் 60 வயது வரையிலானவர்கள். உன் எதிரில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஆய்வில் இல்லவே இல்லை. நாற்பது வயதுக்காரரிடம் "ஆயுள் கூடும்" என்று நீ சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 66 வயதுக்காரரிடம் அதே வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்காதே.

பிறகு அவருக்கு எதைத் தர முடியும்? யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய்வருவது, மாடி ஏறுவது, ராத்திரி மூச்சு முட்டாமல் தூங்குவது. இந்த வயதில் அறுவையின் பலன் நடமாட்டத்தில்தான் தெரியவேண்டும், எடை மெஷினில் அல்ல. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

காரணம் தசை. அறுவைக்குப் பிறகு குறையும் எடை முழுக்கக் கொழுப்பு இல்லை. ஏறத்தாழ கால் பங்கு தசை முதலான கொழுப்பில்லாத பகுதி. முப்பது கிலோ இறங்கினால் ஏழெட்டுக் கிலோ அந்தக் கணக்கில் போய்விடும். முப்பத்தைந்து வயதுக்காரர் அதைத் தாங்கிக்கொள்வார், ஓரளவு மீட்டும் விடுவார். அறுபதுக்கு மேல் தசை ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிறது. பருமனுக்குள் மெலிந்த தசை ஒளிந்திருப்பது வெளியே தெரியாது. இரைப்பை பைபாஸுக்குப் பிறகு எலும்பின் அடர்த்தியும் குறையும். எடை குறைந்த சந்தோஷத்தில் இருக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், நீ செய்த அறுவைக்கு என்ன அர்த்தம்?

அதனால் ஸ்கேன் எழுதும் முன் ஓ.பி. அறையில் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைப் போடு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்கிறது ஆசியத் தசைநலிவுக் குழுவின் 2019 வரையறை. மூட்டு தேய்ந்தவர் வலியாலேயே இதில் திணறுவார், அது தசையின் குற்றமாக இருக்காது. அதற்குத்தான் கையால் இறுக்கிப் பிடிக்கும் வலுவையும் பார்க்க வேண்டும். பெண்களுக்கு 18 கிலோ, ஆண்களுக்கு 28 கிலோ. அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை. உயரத்தை நோயாளி சொல்வதை வைத்து எழுதாதே, நீயே அள. முதுகெலும்பு குறுகி உயரம் குறைந்திருந்தால் பிஎம்ஐ அதனாலேயே கூடுதலாகக் காட்டும்.

இந்தப் பரிசோதனையில் தோற்றவரை முடியாது என்று ஒரே அடியாக அனுப்பாதே. பிசியோதெரபிஸ்டிடமும் டயட்டீஷியனிடமும் சேர்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொல். அந்த மூன்று மாதத்தை ஒழுங்காகக் கடந்து வருபவர் அறுவைக்குப் பிறகும் ஒத்துழைப்பார். வராதவர் உனக்குப் பதிலைச் சொல்லிவிட்டார்.

அடுத்தது மாத்திரை. சீட்டைப் பார்த்துத் திருப்தி அடையாதே. வீட்டில் இருப்பதையெல்லாம் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வரச் சொல்லி, மேஜையில் கொட்டிப் பார். சீட்டில் இல்லாத டைக்ளோஃபினாக் பட்டை ஒன்று அதில் நிச்சயம் இருக்கும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. பைபாஸ் செய்தவர் அதைத் தொடர்ந்தால் இணைப்பில் புண் வரும், ரத்தம் கசியும். வலி மாத்திரையை விட முடியாதவருக்கு பைபாஸைப் பற்றி இருமுறை யோசி. கிளிமிபிரைட் இருந்தால், சாப்பாடு கரண்டிக் கணக்குக்கு வரும் முதல் வாரத்திலேயே சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். அதைக் குறைப்பதோ நிறுத்துவதோ டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிவாக வேண்டும். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதிதான். அட்டெனலால், மெட்டோபுரோலால் இருந்தால் ராத்திரி ட்யூட்டி டாக்டருக்குச் சொல்லிவை. தையலில் கசிவு வந்தால் முதலில் அடிக்கும் மணி நாடித்துடிப்புதான். இந்த மாத்திரைகள் அதன் வாயைக் கட்டிவிடும். நாடி 88 என்று ஷீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போகாதே.

பிறகு குடும்பம். மகனோ மருமகளோ கூட வந்து, கேட்கும் கேள்விக்கெல்லாம் அவர்களே பதில் சொல்வார்கள். "இந்த வயசுல எதுக்கு டாக்டர் இதெல்லாம்" என்பவர் ஒரு ரகம். வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் வந்து "சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று அவசரப்படுத்துபவர் இன்னொரு ரகம். இருவரையும் பத்து நிமிடம் வெளியே உட்காரவைத்துவிட்டு அந்த அம்மாவிடம் பேசு. "எடை குறைந்தால் என்னம்மா செய்யணும்னு ஆசை?" என்று கேள். "கோயில் பிரகாரத்தை ஒரு சுற்று சுத்தணும்" என்று சொன்னால் நீ வேலை செய்ய ஒரு இலக்கு கிடைத்துவிட்டது. "பையன் சொன்னான், அதான் வந்தேன்" என்றால் தேதி குறிக்காதே.

சமையலறை யார் கையில் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள். அறுவைக்குப் பின் நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். நம் வீடுகளில் ஆபரேஷன் ஆனவருக்குப் பாசத்தோடு வருவது கஞ்சி, ரசம் சாதம், இட்லி. ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். முப்பது இட்லி சாப்பிட்டால்தான் கணக்கு நேராகும். சுருக்கிய இரைப்பையில் முதல் மாதங்களில் ஒரு இட்லியே பெரும்பாடு. அசைவம் சாப்பிடுபவரானால் முட்டை வெள்ளைக்கரு, மீன். சைவமானால் தயிர், பனீர், கடைந்த பருப்பு, புரதப் பொடி. இதையெல்லாம் நோயாளியிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை, சமைப்பவரைக் கூப்பிட்டுச் சொல். பாசத்தின் இன்னொரு முகம் "அசையாம படுத்திருங்க". அறுவையன்று மாலையே நடக்கவைப்பதில் நீ பிடிவாதமாக இரு. படுக்கையில் கிடந்தால் காலில் ரத்தம் உறையும், மிச்சமிருக்கும் தசையும் கரையும்.

வயதானவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டாக்டரைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று பத்து நாள் வாந்தியைக்கூட மறைத்துவிடுவார்கள். தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடலில் தயமின் சீக்கிரம் தீர்ந்துவிடும். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழம்பும். வீட்டில் "வயசாச்சு, தடுமாறுறாங்க" என்று விட்டுவிடுவார்கள். நீயும் அப்படி நினைத்து வெறும் குளுக்கோஸ் டிரிப் போட்டால் மூளைக்குக் கேடு. தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு. அந்தக் குடும்பம் நள்ளிரவில் அழைத்தால் எடுக்கும் எண் ஒன்று உன் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று பார்.

வாக்குறுதிகளில் சிக்கனமாக இரு. "சர்க்கரை போயிடும்" என்று சொல்லாதே. வயது, பிஎம்ஐ, சி-பெப்டைடு, சர்க்கரை வந்து எத்தனை வருடம் என்று நான்கையும் பார்க்கும் ஏபிசிடி மதிப்பெண்ணைப் போட்டுப் பார். இருபது வருடமாக இன்சுலின் போடுபவருக்கு ஊசியின் அளவு குறையும்; நின்றே போகும் என்று நம்பவைப்பது நியாயமில்லை. முழங்கால் விஷயத்தில் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம். மூட்டு மாற்றக் காத்திருந்த பருமனானவர்களுக்கு முதலில் இரைப்பைப் பட்டை பொருத்திய ஆஸ்திரேலிய ஆய்வு 2022ல் வெளியானது. அவர்களில் பத்தில் மூன்று பேர் அளவுக்கு வலி குறைந்து, மூட்டு அறுவையே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

எடைக்குறைப்பு ஊசி மருந்தையும் மறைக்காதே. 2025ல் டிர்செபடைட் இந்தியாவுக்கு வந்தபின் எல்லா நோயாளியும் அதைக் கேட்கத்தான் செய்வார். கத்திக்கு அஞ்சுபவருக்கும், மயக்க மருந்து தாங்காதவருக்கும் அது நல்ல வழி. நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும், அதிலும் தசை கரையும் என்பதையும் சேர்த்தே சொல். எந்த வழியில் போனாலும் நாற்காலிப் பரிசோதனையிலிருந்து தப்பிக்க முடியாது.

காப்பீடு பற்றிக் கேட்பார்கள். பிஎம்ஐ 40, அல்லது 35உடன் கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான உறக்க மூச்சுத்திணறல் போன்ற நோய் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நிபந்தனை. மருத்துவ வழிகாட்டுதலோ ஆசியர்களுக்கு 27.5லிருந்தே அறுவையை யோசிக்கலாம் என்கிறது. இந்த இடைவெளியில் மாட்டுபவருக்காக எண்ணைத் திருத்தி எழுதச் சொல்லி அழுத்தம் வரும். ஒருமுறை திருத்தினால் உன் ஃபைல் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் சிட்ரேட் எல்லாம் ஆயுள் முழுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் வருடா வருடம் வேண்டும். அவருக்கு எண்பது ஆகும்போது நீ வேறு ஆஸ்பத்திரியில், வேறு ஊரில் இருக்கலாம். அன்று அந்த ஃபைலை யார் பார்ப்பார் என்பதை இன்றே முடிவு செய்து, அவர் பெயரையும் எண்ணையும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடு. அப்படி எழுத ஒரு பெயர் கிடைத்த பிறகு தியேட்டர் லிஸ்டில் அந்த அம்மாவைச் சேர்.

அன்புடன்,
உன் பழைய யூனிட் சீஃப்