கத்திரிக்கு முன் மொட்டைமாடிக் குழாய்க்குச் செய்ய வேண்டியவை

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில்தான் வீட்டுக் குழாய்கள் வெடிக்கும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருத்துவிடும். செம்புக் குழாயும் அதைத் தாங்காது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் மின்சாரமும் போய்க் குளிரும் பிடித்தபோது, எத்தனையோ வீடுகளில் உத்தரத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. தமிழ்நாட்டில் உறைபனி என்றால் உதகைப் பக்கம் சில இரவுகள், அவ்வளவுதான். திருவண்ணாமலையில் குழாயைப் பதம்பார்ப்பது வெயில். அதற்கான வேலையை மாசிக்குள் முடித்துவிடுங்கள். மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால் மாடியில் கால் வைக்கவே முடியாது, குழாய் ஒட்டுவது எங்கே!

வெள்ளை யூபிவிசி குழாயில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு 27 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டது. ஐஎஸ் 4985 தரவிதி அப்படித்தான் சொல்கிறது. சூடு ஏற ஏற அந்த வலு குறையும். கூடவே குழாய் நீளும். 10 மீட்டர் குழாய் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 2 செ.மீ. நீளம் கூடும், இரவில் பழையபடி சுருங்கும். தினமும் இப்படி இழுபடுவது மூட்டுகள்தான். எல்போவிலும் டீயிலும் விரிசல் விடுவதற்குப் பாதிக் காரணம் இது.

முதல் வேலை, காலையில் மாடிக்குப் போய்க் குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்ப்பது. மஞ்சளித்து, விரலில் மாவு போல ஒட்டினால் வெயில் அதன் தோலைத் தின்றுவிட்டது. லேசாக இடித்தாலும் உடையும். அந்தத் துண்டை மாற்றுங்கள். மூட்டுகளைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். போர்த் தண்ணீர் கசிந்து, சொட்டுவதற்குள் வெயிலில் காய்ந்துபோவதால் ஈரம் தெரியாது. உப்பு மட்டும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து கிளாம்ப். பல வீடுகளில் குழாயைச் சுவரோடு இறுக்கி ஆணியடித்திருப்பார்கள்; நீள இடமில்லாமல் குழாய் வில்லாக வளைந்து நிற்கும். கிளாம்ப் குழாயைத் தாங்கினால் போதும், நெரிக்கக் கூடாது. கையால் தள்ளினால் முன்னும் பின்னும் நகர வேண்டும். மூட்டை ஒட்டி கிளாம்ப் போடாதீர்கள். மூன்று நான்கு அடிக்கு ஒன்று இல்லையென்றால் சூட்டில் குழாய் தொய்யும். முப்பது அடிக்கு மேல் நேராக ஓடும் குழாயில் நடுவே நான்கு எல்போ வைத்து 'ப' வடிவில் ஒரு வளைவு கொடுத்தால், நீளுகிற நீளத்தை அது வாங்கிக்கொள்ளும். வீண் செலவு என்று பிளம்பர் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறகு வெள்ளையடிப்பு. தண்ணீரில் கலக்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷன் மட்டுமே வாங்குங்கள். தின்னர் கலக்கும் பெயின்ட் பிளாஸ்டிக்கையே அரிக்கக்கூடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, இரண்டு கை அடித்தால் போதும். சிபிவிசி போட்டிருப்பதால் கவலையில்லை என்பது பாதி உண்மைதான். சூட்டை அது கூடுதலாகத் தாங்கும், ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதையும் நொறுங்க வைக்கும். அதற்கும் அடியுங்கள்.

நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்பது இவ்வூர்க் கோடைக்குப் பொருந்தாது. ஏப்ரல் பிற்பகுதியில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் வரை நண்பகலில் சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். மேற்குக் கைப்பிடிச்சுவரின் உள்பக்கமாகக் குழாயைக் கொண்டுபோனால் பிற்பகலின் கொடுமையாவது தப்பும். தரையோடு போகும் குழாயின் மேல் நாட்டு ஓடுகளைக் கவிழ்த்து வைக்கலாம். ஆனால் ரமணாசிரமப் பக்கம், மலையடிவாரத் தெருக்கள் என்றால் ஓட்டு யோசனையை மறந்துவிடுங்கள். குரங்குகள் அதைப் புரட்டிப் பார்க்காமல் விடாது. சுவரைவிட்டு வெளியே நீட்டியிருக்கும் குழாயில் தொங்கும், டேங்க் மூடியையும் திறக்கும். மூடியைக் கம்பியால் கட்டுங்கள். நீட்டிய குழாயைச் சுவரோடு ஒட்டி எடுங்கள்.

டேங்க்கிலிருந்து இறங்கும் குழாயில் கேட் வால்வைத் தாண்டியதும் டேங்க்கைவிட உயரமாக ஒரு காற்றுக்குழாய் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டேங்க் காலியாகி நிரம்பும்போதெல்லாம் காற்று அடைத்துக் குழாய் அதிரும்.

இத்தனைக்குப் பிறகும் உடைந்தால் மோட்டாரை நிறுத்தி, கேட் வால்வை மூடுங்கள். வருஷக்கணக்கில் திருகாத வால்வு உப்பேறி இறுகியிருக்கும் என்பதால், மாதம் ஒருமுறை அதை மூடித் திறந்து வையுங்கள். விரிசலுக்கு மேல் எம்சீலைப் பூசுவது ஓரிரு நாளுக்குத்தான் தாங்கும். இரண்டு பக்கமும் நேராக அறுத்து, பிசிறு சீவி, ஈரம் துடைத்து, புதுத் துண்டை ஒரு பக்கம் கப்ளிங்கிலும் மறுபக்கம் யூனியனிலும் சேருங்கள். யூபிவிசிக்கும் சிபிவிசிக்கும் சொல்யூஷன் வேறு வேறு. வெயிலில் சொல்யூஷன் தடவிய கையோடு காய்ந்துவிடும். காலை ஏழு மணிக்குள் ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுநாள் தண்ணீர் விடுங்கள்.

ஒரு கப்ளிங், யூனியன், எண்ட் கேப், சின்ன டப்பா சொல்யூஷன், ஹாக்ஸா பிளேடு ஆகியவற்றை வீட்டிலேயே வாங்கி வையுங்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி பிளம்பரின் வண்டி உங்கள் தெருவுக்கு வந்து சேர்வது சந்தேகம்.