சிங்கப்பூரில் தாத்தா வாழ்ந்த தெருவைத் தேடும் தம்பி தங்கைகளுக்கு

1. முதலில் வரைபடம் வாங்காதீர்கள், முகவரி தேடுங்கள். பழைய பிறப்புச் சான்றிதழ், கடப்பிதழ், ஊரிலிருந்து வந்த கடித உறை, இவற்றில் ஏதாவது ஒன்றில் தெருப்பெயர் இருக்கும். தெருவும் ஆண்டும் தெரிந்தால்தான் எந்தக் காலத்துப் படம் வேண்டும் என்று சொல்ல முடியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவர் என்றால், நில அளவைத் துறை 1954இல் வெளியிட்ட தெரு வழிகாட்டியிலிருந்து தொடங்குங்கள்.

2. மறுபதிப்பாக அதிகம் கண்ணில் படுவது லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டம். 1822-23இல் ராஃபிள்ஸின் ஏற்பாட்டுக்காகத் தயாராகி, 1828இல் அச்சானது. அதில் சிங்கப்பூர் ஆற்றோரம், சற்று மேலே தள்ளி, 'சூலியா கம்போங்' (தென்னிந்தியர் குடியிருப்பு) என்று ஓரிடம் ஒதுக்கியிருக்கும். அதை வைத்து நம்மவர்கள் அங்கேதான் குடியிருந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். யார் எங்கே இருக்க வேண்டும் என்று ஆட்சியாளர்கள் நினைத்ததைத்தான் அது காட்டுகிறது. கட்டடக் கலைஞர் கோல்மன் அளந்து வரைந்த 1836ஆம் ஆண்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திட்டம் எங்கே நின்றது, ஊர் எப்படி வளர்ந்தது என்பது புரியும்.

3. கரைக்கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் இருக்கும் நாகூர் தர்கா 1828-30இல் எழுந்தபோது எதிரே கடல். 1879இல் தொடங்கிய கடல் தூர்ப்பு கரையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கப்பலில் வந்தவர்கள் ஏன் அந்தத் தெருவில் தொழுதார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

4. தேக்காவுக்கு வருவோம். இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரே ஆண்டுப் படம் போதாது. இருபது, முப்பது ஆண்டு இடைவெளியில் மூன்று நான்கு படங்களாவது வேண்டும். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் 1842 முதல் 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. பிறகு பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது. ரோச்சோர் ஆற்றுப் பக்கம் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் இங்கே வந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு (கெர்பாவ் என்றால் மலாயில் எருமை) என்ற பெயர்கள் அதன் சாட்சி. மாட்டைத் தொடர்ந்து நம் ஆட்களும் வந்தார்கள்.

ஆனால் நம்மவர்கள் இந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். இங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர். ஆங்கிலேயர் வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. வரைந்தவர் காதில் விழுந்ததும், வரி வசூலிக்கத் தேவைப்பட்டதும்தான் தாளில் ஏறின. விடுபட்டதை எழுத வேண்டியது நம் பொறுப்பு. இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

5. பெயர் மாறிய தெருக்கள் உண்டு. சூலியா ஸ்ட்ரீட் முன்பு கிளிங் ஸ்ட்ரீட். 'கிளிங்' என்ற சொல் இழிவானது என்று இந்தியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் 1920களின் தொடக்கத்தில் மாற்றினார்கள். அட்டவணையில் இரண்டு பெயரையும் தேடுங்கள்.

6. அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. மறுபதிப்பில் எழுத்து மிகப் பொடியாக இருந்தால் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் மாடிக்குப் போங்கள். வீட்டின் உள்ளமைப்பு வேண்டுமென்றால் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1884 முதல் 1969 வரையிலான கட்டட வரைபடங்கள் இருக்கின்றன.

7. வீட்டில் எண்பதைத் தாண்டியவர் இருந்தால், நூலகத்துக்கு முன் அவரிடம் போங்கள். தெருவைப் பெரிதாக நகலெடுத்து மேசையில் விரியுங்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட் செட்டியார் கிட்டங்கிகள் எந்த வரிசையில் இருந்தன, பால்காரர் கொட்டகை எங்கே, பொதுக் குழாய் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் குறித்து, ஓரத்தில் அவர் பெயரையும் தேதியையும் எழுதி, அன்றே ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.