வளைய வேண்டியது வளையட்டும், நிற்க வேண்டியது நிற்கட்டும்

நாற்று நடுகிறவருக்கு இடுப்பு வலி. கரும்பு வெட்டுகிறவருக்கு இடுப்பு வலி. மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு வலி.

தையல் மிஷின் முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்கும் இடுப்பு வலி. லாரி ஓட்டுகிறவருக்கும் இடுப்பு வலி.

ஒருவர் குனிந்தே இருக்கிறார். இன்னொருவர் உட்கார்ந்தே இருக்கிறார். ஆனால் வலி ஒரே இடத்தில் வருகிறது. ஏன்?

2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. மனிதர்களை வேலை செய்ய முடியாமல் முடக்கும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

கூலி வேலை செய்பவர் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும். பத்து நாள் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே இடுப்பைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடுப்பு என்பது எது?

நாம் இரண்டு இடங்களை ஒரே பெயரால் அழைக்கிறோம்.

உங்கள் முதுகின் கீழ்ப்பகுதியில் கையை வையுங்கள். புடவை அல்லது வேட்டி கட்டும் இடம் அது. இங்கே வலித்தால் 'இடுப்பு வலி' என்கிறோம். இது முதுகெலும்பின் கீழ்ப்பகுதி. இதைக் கீழ் முதுகு என்போம். இங்கே 5 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. இதை மருத்துவர்கள் 'டிஸ்க்' என்கிறார்கள்.

இப்போது நின்றபடி ஒரு காலை மடக்கித் தூக்குங்கள். தொடையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. அதற்கு உள்ளே இருப்பது தொடை மூட்டு. இதையும் இடுப்பு என்றே சொல்கிறோம்.

இந்த இரண்டும் வேறு வேறு. இரண்டின் வேலையும் வேறு வேறு.

தொடை மூட்டு ஒரு கிண்ணத்துக்குள் பந்து வைத்தது போன்றது. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என எல்லாப் பக்கமும் அது அசையும். கீழ் முதுகு அப்படி இல்லை. அது முன்னும் பின்னும் வளையும். ஆனால் பக்கவாட்டில் மிகக் கொஞ்சமே திரும்பும். அதன் எலும்புகள் ஒன்றோடொன்று பூட்டியது போல அமைந்துள்ளன.

சக்கரமும் அச்சும்

மாட்டு வண்டியைப் பாருங்கள். சக்கரம் சுழல்கிறது. அச்சு சுழல்வதில்லை. அது அசையாமல் பாரத்தைத் தாங்குகிறது.

மசகு இல்லாமல் சக்கரம் இறுகிப்போனால் என்ன ஆகும்? மாடு இழுக்கும். சக்கரம் சுழலாது. அச்சுதான் ஆட்டம் காணும். அச்சைக் கட்டிய கட்டு தளர்ந்தாலும் இதே கதிதான்.

நம் உடம்பிலும் சில மூட்டுகள் சக்கரம் போல. சில மூட்டுகள் அச்சு போல. கீழிருந்து மேலே பார்ப்போம்.

கணுக்கால்: நன்றாக மடங்க வேண்டும்.
முழங்கால்: ஆடாமல் நிற்க வேண்டும்.
தொடை மூட்டு: எல்லாப் பக்கமும் அசைய வேண்டும்.
கீழ் முதுகு: உறுதியாக நிற்க வேண்டும்.
நடு முதுகு: நன்றாகத் திரும்ப வேண்டும்.

அசைவது ஒன்று, நிலைப்பது ஒன்று என்று மாறி மாறி வருகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த கிரே குக், மைக்கேல் பாயில் என்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் இந்த வரிசையைப் பரப்பினார்கள். இது சட்டம் அல்ல. நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி. முழங்காலும் மடங்கத்தான் வேண்டும். கீழ் முதுகும் வளையத்தான் செய்யும். ஆனால் யாருக்கு எது முதல் வேலை என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

ஒரே வலி, இரண்டு வழி

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

லாரி ஓட்டுகிறவரும் தையல்காரரும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். தொடை மூட்டு மடங்கிய நிலையிலேயே கிடக்கிறது. நாளடைவில் அது இறுகுகிறது. அவர்கள் எழுந்து வேலை செய்யும்போது தொடை மூட்டு போதுமான அளவு அசையாமல் போகலாம். அது செய்யாத வேலையைக் கீழ் முதுகு செய்கிறது. வளைய வேண்டியது வளையவில்லை. நிற்க வேண்டியது வளைகிறது. இது சக்கரம் இறுகிய கதை.

நாற்று நடுகிறவருக்குத் தொடை மூட்டு நன்றாக மடங்கலாம். தரையில் உட்கார்ந்து எழுபவர்களுக்கு அந்த மூட்டு எளிதில் இறுகாது. ஆனால் அவர் காலையிலிருந்து குனிந்தே இருக்கிறார். கீழ் முதுகைப் பிடித்து நிறுத்தும் தசைகள் களைத்துவிடுகின்றன. பிறகு பாரம் எலும்பு மூட்டுகள் மேலும் டிஸ்க் மேலும் இறங்குகிறது. இது கட்டு தளர்ந்த கதை.

மூட்டை தூக்குகிறவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். நம் உடம்புக்குள்ளேயே அப்படி ஒரு துண்டு இருக்கிறது. வயிறு, விலா, முதுகு ஆகியவற்றைச் சுற்றியுள்ள தசைகள்தான் அந்தத் துண்டு. அந்தத் தசைகளுக்கு வலு வந்தால் கீழ் முதுகு உறுதியாக நிற்கும்.

எல்லா இடுப்பு வலிக்கும் இவை மட்டுமே காரணம் அல்ல. தூக்கம் இல்லாமை, கவலை, அளவுக்கு மீறிய பாரம் ஆகியவையும் வலியைக் கூட்டும். ஆனால் வலிக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேலேயும் கீழேயும் பார்க்க வேண்டும்.

செவிலியரிடம் கேட்போம்

நடவு வேலை செய்யும் ஒரு பெண்ணும் கிராம சுகாதாரச் செவிலியரும் பேசுகிறார்கள்.

"சிஸ்டர், நேற்று வயலில் குனிந்தேன். நிமிர முடியவில்லை. ஓர் ஊசி போடுங்களேன்."

"இருங்கள் அக்கா. கால் மரத்துப் போகிறதா? சிறுநீர் கழிக்கச் சிரமம் இருக்கிறதா? காய்ச்சல் உண்டா? எங்காவது விழுந்தீர்களா?"

"அதெல்லாம் ஒன்றும் இல்லை."

"அப்படியானால் பயப்படாதீர்கள். இப்படித் திடீரென்று வரும் வலி பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும்."

"ஒரு வாரம் அசையாமல் படு என்கிறார் மாமியார்."

"முன்பு மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது சொல்வதில்லை. படுத்தே கிடந்தால் தசை வலு இழக்கும். முடிந்த அளவு நடங்கள். சின்ன வேலைகளைச் செய்யுங்கள். பாரம் மட்டும் இப்போது தூக்க வேண்டாம்."

"பெல்ட் கட்டலாமா?"

"நாள்பட்ட வலிக்குப் பெல்ட் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வழிகாட்டியது. உடற்பயிற்சிதான் நல்லது."

"பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஸ்கேனில் தேய்மானம் என்று வந்ததே?"

"வயதானால் முடி நரைக்கிறது அல்லவா? அதுபோல் டிஸ்க்கும் தேயும். வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் தேய்மானம் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டு வேலை செய்வதற்கே பயப்படக் கூடாது."

குச்சியை வைத்துக் குனிந்து பழகுவோம்

நேரான குச்சி ஒன்றை எடுங்கள். அதை முதுகோடு சேர்த்து நெடுக்காகப் பிடியுங்கள். குச்சி மூன்று இடங்களில் தொட வேண்டும். பின்தலை, நடு முதுகு, முதுகெலும்பின் அடிநுனி.

முழங்காலை லேசாக மடக்குங்கள். பின்புறத்தைப் பின்னால் தள்ளியபடி மெதுவாகக் குனியுங்கள். மூன்று இடங்களிலும் குச்சி தொட்டுக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் தொடை மூட்டு மடங்குகிறது. அடிநுனியிலிருந்து குச்சி விலகுகிறதா? அப்படியானால் கீழ் முதுகு வளைகிறது. குச்சி விலகாத அளவுக்கு மட்டும் குனிந்து பழகுங்கள். பாரம் தூக்கும்போதும் இப்படியே குனியுங்கள்.

தினமும் பத்து நிமிடம்

1. கணுக்கால்: சுவரைப் பார்த்து நில்லுங்கள். கால் விரல்கள் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி இருக்கட்டும். குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

2. தொடை மூட்டு: ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். மறு பாதத்தை முன்னால் வையுங்கள். உடம்பை நிமிர்த்தி, மெதுவாக முன்னால் நகருங்கள். ஊன்றிய காலின் முன்தொடை இழுபடும். 20 எண்ணும் வரை இருங்கள். பிறகு கால் மாற்றுங்கள்.

3. நடு முதுகு: ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்குங்கள். மேல் கையை விரித்து மறுபக்கம் கொண்டுபோங்கள். முழங்கால்கள் அசையக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் 8 முறை.

4. கீழ் முதுகு: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, நாலு கால் பிராணி போல் இருங்கள். வலது கையை முன்னால் நீட்டுங்கள். இடது காலைப் பின்னால் நீட்டுங்கள். இடுப்பு ஆடக் கூடாது. 10 எண்ணும் வரை இருங்கள். பிறகு மறுபக்கம். ஒவ்வொரு பக்கமும் 5 முறை.

முதல் மூன்றும் சக்கரத்துக்கு. நான்காவது அச்சுக்கு. வலி கூடினால் நிறுத்துங்கள். கர்ப்பிணிகள் செவிலியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

வேலை செய்யும் இடமும் மாற வேண்டும்

பயிற்சி மட்டும் போதாது. ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. ஒரு யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்தது. 2018-இல் அது 45 கிலோ ஆனது. ஒரு ஆண் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. பெண்களுக்கு அதைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

பெரிய மூட்டையை இருவராகத் தூக்குவோம். தூக்கிய பாரத்தோடு இடுப்பைத் திருகாமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புவோம். நீளமான பிடி போட்ட துடைப்பத்தையும் மண்வெட்டியையும் கேட்டு வாங்குவோம். வரிசை நடவு செய்த வயலில் நின்றபடியே தள்ளிக் களை எடுக்கும் கோனோவீடர் கருவி இருக்கிறது. நடவிலும் அறுவடையிலும் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நிற்போம். இது சோம்பேறித்தனம் அல்ல. தசைக்குக் கொடுக்கும் மூச்சு.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

தொடைகளுக்கு நடுவே மரத்துப் போதல், சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமை, சிறுநீர் கழிக்க முடியாமை, கால் வலு இழத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும். நாள் கடந்தால் கால் வலுவும் கழிவை அடக்கும் சக்தியும் திரும்பாமல் போகலாம்.

கீழே விழுந்தபின் கடும் வலி வந்தாலும் அன்றே போய்க் காட்டுங்கள்.

மாலைக் காய்ச்சல், உடல் மெலிதல், இரவில் தூங்கவிடாத வலி ஆகியவை இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்பிலும் காசநோய் வரும். அதற்கு அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை உண்டு.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வேலையில் எது அதிகம்: குனிவதா, உட்கார்வதா, தூக்குவதா?
2. குச்சிப் பயிற்சியை இருவர் இருவராகச் செய்யுங்கள். ஒருவர் குனியட்டும். மற்றவர் குச்சியைப் பார்க்கட்டும். எங்கே விலகுகிறது?
3. உங்கள் ஊரில் எந்த வேலைக்கு எந்தக் கருவியை மாற்றினால் இடுப்பு பிழைக்கும்? யாரிடம் கேட்க வேண்டும்? எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள்.