படமும் சொல்லும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். குண்டாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாறாகவே காட்சி தரும். இந்நிலத்துச் சிற்றூரில் பயிலும் மாணவி ஒருத்தி கணிப்பொறியின் முன் அமர்ந்து விளையாடுகின்றாள் எனக் கொள்வோம். திரையில் நான்கு படங்கள் தோன்றுகின்றன: சூரியன், வீடு, பூனை, புத்தகம். 'சொலேய்' என்று ஒரு குரல் ஒலிக்கின்றது. அவள் சூரியனைத் தொடுகின்றாள். வெற்றி மணி ஒலிக்கின்றது. தமிழோ ஆங்கிலமோ இடையில் வரவில்லை. பிரெஞ்சுச் சொல் ஒன்று கண்வழியும் செவிவழியும் புகுந்து அவள் மனத்தில் அமர்ந்துவிட்டது.

கருவி புதியது, முறை பழையது. இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவில் 1592-ஆம் ஆண்டு பிறந்தவர் கொமேனியசு. அவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். அக்காலத்துப் பள்ளிகளில் சிறுவர்கள் இலத்தீன் மொழியைப் பொருளறியாது உருப்போட்டனர். பிழை செய்தால் பிரம்படி பெற்றனர். பொருளைக் காட்டாது சொல்லை மட்டும் புகட்டுவது வீண் என்று அவர் உணர்ந்தார். சமயப் போரினால் தாய்நாட்டை விட்டு நீங்கி, நாடு நாடாக அலைந்தார். 1656-ஆம் ஆண்டில் போலந்து நாட்டு லெசுனோ நகரம் தீக்கிரையானபோது அவருடைய கையெழுத்துச் சுவடிகள் பலவும் எரிந்தன. ஆயினும் அவர் உளம் தளரவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1658-இல், குழந்தைகளுக்கென அவர் ஆக்கிய படநூல் நூரம்பெர்க்கு நகரில் வெளிவந்தது. ஏறத்தாழ 150 படங்கள் கொண்ட அந்நூலில், படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இடப்பட்டிருந்தது. அதே எண்ணுக்கு நேரே அதன் பெயர் இலத்தீனிலும் செருமானியத்திலும் காணப்பட்டது. எழுத்துப் பாடமோ காகம் கரையும் ஒலியிலிருந்து தொடங்கியது. கணிப்பொறித் திரையில் இன்று நாம் காணும் பட விளையாட்டுகளுக்கு இந்நூலே முன்னோடி எனலாம்.

நம் முன்னோர் சொற்களைப் பெருக்கிக்கொண்ட வழி வேறு. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்தனர். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களும் செய்யுளின் ஓசையோடு நெஞ்சில் பதிந்தன. ஆண்டு பல சென்றாலும் அவை அழிவதில்லை. அங்கே ஓசை செய்த பணியை இங்கே ஓவியம் செய்கின்றது. இரண்டிற்கும் உயிராவது பயிற்சியே. கற்றது நாள் செல்லச் செல்ல எவ்வாறு மறக்கின்றது என்பதைச் செருமானிய அறிஞர் எபிங்கவுசு ஆராய்ந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறக்கும் முன் மீண்டும் நினைவுகூர்ந்தால் சொல் நிலைக்கும். ஆதலின், 2012-இல் பொதுமக்களுக்கு வழங்கப்பட்ட 'டுவோலிங்கோ' போன்ற கணினிப் பயிற்சிகள், கற்ற சொல்லையே இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கேட்கின்றன. பிரான்சு நாட்டில் 2000-ஆம் ஆண்டு தோன்றிய 'சிகொம்பிரி' என்னும் இலவச விளையாட்டுத் தொகுப்பின் பெயரே ஒரு சொல்விளையாட்டு ஆகும். 'எனக்குப் புரிந்தது' என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் ஒலியை அப்பெயர் தழுவி நிற்கின்றது.

எனினும், படத்தின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. ஒருவன் குவளையில் நீர் அருந்தும் படம் தோன்றுகின்றது என்க. ஒலிக்கும் சொல் அவனைக் குறிப்பதா, குவளையைக் குறிப்பதா, நீரைக் குறிப்பதா, அருந்துதலைக் குறிப்பதா? படம் அதனைத் தெளிவாகச் சொல்லாது. இலக்கணத்தையும் படம் காட்டாது. தமிழில் வீடும் புத்தகமும் அஃறிணை. பிரெஞ்சு மொழியிலோ வீடு பெண்பால், புத்தகம் ஆண்பால். 'லா மெசோன்', 'லெ லீவ்ர்' என முன்னொட்டுச் சொல்லோடு சேர்த்தே அவற்றைப் பயில வேண்டும். பண்பாட்டையும் படம் உணர்த்தாது. நாம் நண்பனை 'நீ' என்றும் பெரியோரை 'நீங்கள்' என்றும் அழைப்பது போலப் பிரெஞ்சுக்காரரும் 'து' என்றும் 'வூ' என்றும் வேறுபடுத்தி அழைப்பர். இவ்வேறுபாட்டை உரையாடலே கற்பிக்கும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. பிரெஞ்சு மொழியில் நீருக்கு 'ஓ' என்று பெயர். திரையில் அது பளிங்குக் குவளையில் நிறைந்து நிற்கின்றது. இம்மாணவி அறிந்த நீரோ கோடையில் ஊருணியின் அடியில் ஊறுவது; குடத்தில் ஏந்தி உச்சிவெயிலில் சுமந்து வருவது. அந்த நீரைத் திரை அறியாது. அவள் தன் ஏட்டில் ஓர் ஊருணியை வரைந்து, அதன் கீழ் 'ஓ' என எழுதட்டும். மல்லிகை அரும்பை வரைந்து 'ழஸ்மேன்' எனவும், வெடித்த பருத்திக் காயை வரைந்து 'கொத்தோன்' எனவும் எழுதட்டும். அப்போதே அயற்சொல் அவளுடைய சொல்லாகும்.

அவ்வாறு எழுதும் நாளில் அவளுக்கு ஒரு வியப்பும் காத்திருக்கின்றது. பிரெஞ்சுக்காரர் 1674-ஆம் ஆண்டு முதல் புதுச்சேரியில் தங்கினர். 1954-இல் அவ்வூரின் ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்தனர். நெடுங்காலம் இரு மொழியும் பழகின. தமிழ்ச் சொற்கள் சில பிரெஞ்சு மொழியிலும் குடியேறின. வேனிற்காலத்தில் குளிர்ச்சிக்கும் மணத்திற்கும் பானை நீரில் இடும் வேர் ஒன்றை அவள் இளமை முதல் அறிவாள். நறுமணப் பொருள் செய்யும் பிரெஞ்சுக்காரர் அதனை அழைக்கும் பெயர் 'வெத்திவேர்'. நம் வெட்டிவேரே அது! தொலைவில் உள்ளதென எண்ணிய மொழியில் தன் வீட்டுப் பானையின் மணத்தை அவள் காண்கின்றாள்.

படம் சொல்லுக்கு வாயில். வாயிலில் நின்று மகிழ்வதோடு அமையாது, உள்ளே சென்று பேசியும் எழுதியும் பழகுபவரே மொழியை உரிமையாக்கிக் கொள்வர். தம் மண்ணையும் தாய்மொழியையும் நன்கறிந்தோர்க்கு அவ்வாயில் எளிதில் திறக்கும்.